மேலாளும் மூன்றாண்டுக் கணக்கும்: பர்மாவில் நகரத்தார் லேவாதேவி அமைப்பின் வரலாறு

நாட்டுக்கோட்டை நகரத்தார் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி முதல் 1930கள் வரை இலங்கையிலும் பர்மாவிலும் மலாயாவிலும் இந்தோசீனாவிலும் நடத்திய லேவாதேவி, அதாவது பணத்தைக் கடனாகக் கொடுத்து வட்டி ஈட்டும் தொழில், பெரும்பாலும் செட்டிநாட்டு மாளிகைகளுக்குப் பொருள் சேர்த்த கதையாகவே பேசப்படுகிறது. அந்தத் தொழிலைத் தாங்கிய நிர்வாக அமைப்பே வரலாற்று நோக்கில் அதைவிடப் பெரிய சாதனையாகும். அரசுகளும் விலைகளும் போக்குவரத்தும் அடிக்கடி மாறிய ஒரு காலத்தில், கடையைத் திறப்பதற்கும் மூடுவதற்கும் வேறு ஊருக்கு மாற்றுவதற்கும் எளிதாக இருக்கும்படி அந்த அமைப்பு உருவாகியிருந்தது; முதல் பணமாகவே புழங்கியவரை அந்த எளிமையும் நிலைத்தது.

17ஆம் நூற்றாண்டில் உள்நாட்டில் பழனி வரை சென்று உப்பு விற்ற இச்சமூகத்தினர், பின்னர் அரிசி, பருத்தி வணிகத்திலும் ஜமீன்களுக்குக் கடன் கொடுப்பதிலும் ஈடுபட்டு, ஆங்கிலேயர் ஆட்சி விரிந்தபோது அதன் பின்னே கடல் கடந்தனர். 1852இல் கீழ்ப் பர்மா ஆங்கிலேயர் வசமானதும், 1869இல் சூயஸ் கால்வாய் திறந்து ஐரோப்பாவுக்கு அரிசி அனுப்பும் செலவும் காலமும் குறைந்ததும், ஐராவதி ஆற்றின் கழிமுகக் காடுகளை வயலாக்கும் வேலையை விரைவுபடுத்தின. 1850களில் ஏறத்தாழ 8 லட்சம் ஏக்கராக இருந்த நெல் நிலம் 1930களுக்குள் 80 லட்சம் ஏக்கரைத் தாண்டியது. காட்டை வெட்டி உழுபவனுக்கு முதல் அறுவடை வரை சாப்பாட்டுக்கும் மாட்டுக்கும் கூலிக்கும் பணம் வேண்டும். ஆங்கிலேய வங்கிகளோ துறைமுக ஏற்றுமதியாளர்களுக்கு அப்பால் கடன் கொடுக்க முன்வரவில்லை. அந்த இடைவெளியில் நகரத்தார் கடைகள் நுழைந்தன.

இக்கடைகளின் உரிமையாளரான முதலாளி பெரும்பாலும் காரைக்குடி, தேவகோட்டை போன்ற ஊர்களிலேயே தங்கியிருக்க, கடையை நடத்தியவர் ‘மேலாள்’ எனப்பட்ட முகவர். முதலாளியின் அதிகாரப் பத்திரத்தைப் பெற்றுக் கப்பலேறும் அவருடைய பணிக்காலம் வழக்கமாக மூன்று ஆண்டுகள். சம்பளம், முன்பணம், பங்கு ஆகியவை புறப்படும்போதே ‘சம்பளச் சீட்டு’ என்னும் ஒப்பந்த ஓலையில் எழுதப்பட்டன. யாருக்குக் கடன் கொடுப்பது, எதை ஈடாகப் பெறுவது, எப்போது நிறுத்துவது என்ற முடிவுகள் அவரைச் சேர்ந்தவை; முதலாளிக்கு அவர் அனுப்ப வேண்டியது ‘ஐந்தொகை’, அதாவது வரவு, செலவு, கையிருப்பு, கொடுக்கல், வாங்கல் ஆகியவற்றைத் தொகுத்துக் காட்டும் கணக்கு. அவருக்குக் கீழே ‘அடுத்தாள்’ என்னும் உதவியாளரும், அவருக்கும் கீழே சிறுவயதிலேயே சேர்ந்து மனக்கணக்கும் பேரேடு எழுதுவதும் பழகும் ‘பெட்டியடிப் பையனும்’ இருந்தனர். பையன் அடுத்தாளாகி, அடுத்தாள் மேலாளாகி, மேலாள் சேர்த்த பணத்தைக் கொண்டு ஒரு நாள் தானே முதலாளியாவது இயல்பான வழியாகக் கருதப்பட்டது. இன்று ‘அதிகாரப் பகிர்வு’ என்று புதிதாகப் போற்றப்படுவதை இவர்கள் குடும்ப வழக்கமாகவே கையாண்டனர். மூன்றாண்டு முடிவில் கணக்கு முடித்தாக வேண்டும் என்ற விதி, தவறான முடிவுகள் பழக்கமாகி ஊறிப்போகாமல் காத்தது.

கடையின் முதலில் ஒரு பகுதிதான் முதலாளியின் சொந்தப் பணம். எஞ்சியது உறவினர் வைப்புகள், ஆச்சிமார்களின் சீதனப் பணம், கோவில் பணம், பிற நகரத்தார் கடைகளிலும் ஐரோப்பிய வங்கிகளிலும் வாங்கிய கடன் எனப் பல ஊற்றுகளிலிருந்து வந்தது. கடைகள் ஒன்றுக்கொன்று கொடுத்து வாங்கும் பணத்துக்கான ‘நடப்பு வட்டி’, ரங்கூன் முகல் தெருவிலுள்ள நகரத்தார் கோவிலில் மாதந்தோறும் கூடி நிர்ணயிக்கப்பட்டது. அவரவர் கடைக்கு அவரவரே பொறுப்பு. ஆயினும் பணநெருக்கடியில் ஒருவருக்கொருவர் துணை. தனித்துப் போட்டியிடும் நூற்றுக்கணக்கான கடைகளுக்கு ஒரு மைய வங்கியின் வேலையைக் கோவில் கூட்டம் செய்ததைப் பொருளியல் வரலாற்றின் அரிய நிகழ்வுகளுள் ஒன்றாகக் கருதலாம். 1929-30இல் பர்மா மாகாண வங்கி விசாரணைக் குழு நகரத்தார் கடைகளை ஏறத்தாழ 1,650 என்றும் அவற்றின் முதலை ஏறத்தாழ 75 கோடி ரூபாய் என்றும் மதிப்பிட்டது. அதில் மூன்றில் இரண்டு பங்கு வேளாண் கடன்.

அந்த ஒரே பக்கச் சாய்வுதான் கேடாக முடிந்தது. 1930இல் உலகச் சந்தை சரிந்து நெல் விலை மறு ஆண்டிற்குள் பாதிக்கும் கீழே இறங்க, உழவர்களால் வட்டியைக்கூடக் கட்ட முடியவில்லை. கடனுக்கு ஈடாக இருந்த நிலங்கள் கடைகளின் கைக்கு வந்தன. கீழ்ப் பர்மாவின் முக்கிய 13 நெல் மாவட்டங்களில் 1930இல் சாகுபடி நிலத்தில் சுமார் 6 விழுக்காடு நகரத்தாரிடம் இருந்தது. 1937க்குள் அது 25 விழுக்காடாக உயர்ந்தது. இதை ஆதாயம் என்று கொள்வது பிழை. பணம் தந்தியிலும் உண்டியல் என்னும் பணமாற்றுச் சீட்டிலும் ஊர் மாறும், வயல் மாறாது. வாங்குவோர் இல்லாத நிலத்தை வைத்திருந்த மேலாளால் மூன்றாண்டு முடிவில் கணக்கை முடிக்க இயலவில்லை. மறுபுறம், தான் வெட்டித் திருத்திய வயலிலேயே குத்தகைக்காரனாக நின்ற பர்மிய உழவனின் துயரம் நியாயமானது. வட்டிக் கணக்கு எவ்வளவு ஒழுங்காக எழுதப்பட்டிருந்தாலும் அந்தத் துயரத்தை அது ஈடுசெய்யாது. 1942இல் ஜப்பானியர் வருகையும், 1948ஆம் ஆண்டின் நில தேசியமயச் சட்டமும் எஞ்சியவற்றையும் பறித்தன.

காலத்தை முன்னரே உணர்ந்து பணத்தைத் திருப்பியவர்களும் இருந்தனர். 1900இல் பர்மாவின் மோல்மினில் தொழில் தொடங்கிய அ. மு. முருகப்பச் செட்டியாரின் குடும்பம் 1930களிலேயே தன் முதலைத் தாயகத்துக்குக் கொண்டுவந்து, 1949இல் சென்னையில் மிதிவண்டி ஆலை தொடங்குமளவுக்கு உற்பத்தித் தொழிலில் காலூன்றியது. மு. சிதம்பரம் செட்டியார் 1937இல் நிறுவிய இந்தியன் ஓவர்சீஸ் வங்கி காரைக்குடி, சென்னை, ரங்கூன் ஆகிய மூன்று ஊர்களிலும் ஒரே நாளில் திறக்கப்பட்டது. வெளிநாட்டுச் செலாவணியில் நகரத்தாருக்கிருந்த அனுபவம் பங்கு நிறுவனத்தின் சட்டவடிவுக்குள் வந்தது. 1969இல் அரசு நாட்டுடைமையாக்கிய 14 வங்கிகளுள் அதுவும் ஒன்று.

இம்மாற்றத்தில் இழந்ததும் உண்டு. பங்கு நிறுவனத்தில் மேலாளுக்குப் பதில் சம்பளம் பெறும் மேலாளர் வந்தார். சம்பளச் சீட்டோடு வந்த மூன்றாண்டுக் கணக்கு முடிப்பு ஆண்டறிக்கையாக மாறியது. பெட்டியடிப் பையன் ஒரு நாள் முதலாளியாகும் ஏணி அந்தக் கட்டமைப்பில் இடம் பெறவில்லை. பர்மாவிலிருந்து வெறுங்கையோடு நடந்தும் கப்பலேறியும் திரும்பிய அடுத்தாள்கள் பலருக்குப் பின்னர் அமைந்தது பிறர் கடைகளில் கணக்கெழுதும் வேலைதான்.