பேராதனைக்கு அப்பால் ஒரு பூச்சிச் சரித்திரம்

கண்டியிலிருந்து கம்பளைக்குச் செல்லும் பாதையில் பேராதனையைக் கடந்ததும் வருகின்ற கெலிஓயாவில், பலாவும் கமுகும் மிளகும் கறிவேப்பிலையும் அடர்ந்து நிற்கும் வீட்டுத் தோட்டங்கள் தலைமுறை தலைமுறையாக வண்ணத்துப்பூச்சிகளுக்குப் புகலிடம் அளித்து வந்திருப்பதைச் சரித்திரம் எழுதுவோர் மறந்துவிடலாகாது. 1821இல் அலெக்சாண்டர் மூன் பேராதனையில் தாவரத் தோட்டத்தை ஸ்தாபித்தார். அத்தோட்டத்தின் சித்திரக்காரராயிருந்த ஹர்மானிஸ் டி அல்விஸின் புதல்வர்கள் தீட்டிய அற்புதமான சித்திரங்களே, பிரெடெரிக் மூர் 1880 முதல் 1887 வரை வெளியிட்ட, இலங்கையின் வண்ணத்துப்பூச்சிகளையும் அந்துப்பூச்சிகளையும் பற்றிய பெருநூலை அலங்கரித்தன. கோப்பிக்காக மலைவனங்கள் அழிக்கப்பட்ட அந்நூற்றாண்டிலே, 1856இல் ஒதுக்குவனமாகிய கண்டி நகரத்து உடவத்தைக் காடும் கிராமத்தாரின் தோட்டங்களும் பூச்சிகளுக்கு எஞ்சிய நிழலாயின.

கறிவேப்பிலைக் கொழுந்தில் பறவையின் எச்சம்போல் ஒட்டிக்கிடக்கும் இளம்புழு, வளர்ந்தபின் பச்சை நிறமெய்தி இலையோடு இலையாகி, கருஞ்சிறகுப் பூச்சியாய் வெளிப்படுகிறது. அமெரிக்காவின் மோனார்க் இனத்துக்கு நெருங்கிய உறவான செம்மஞ்சள் பூச்சியோ, பாதையோரத்து எருக்கினையே நாடி முட்டையிடுகிறது. ஆகவே, எருக்கைக் களையென்று வெட்டுவதும், புழுவரித்த கறிவேப்பிலைக்கு மருந்தடிப்பதும் எனக்குச் சம்மதமில்லை.