ராணுவத் தளம் விரிவாக்கம்: மக்களிடம் கருத்து கேட்க வேண்டாமா? டெல்டா மக்கள் தெரிஞ்சுக்க வேண்டிய சட்டங்கள்

வேளாங்கண்ணியில் இருந்து 100 கி.மீ.க்கும் குறைவான தூரத்தில் இருக்கிறது தஞ்சாவூர் விமானப்படைத் தளம். இரண்டாம் உலகப்போர் காலத்தில் போடப்பட்ட ஓடுபாதை அது. 2013 மே 27-ம் தேதி அப்போதைய பாதுகாப்புத் துறை அமைச்சர் ஏ.கே.அந்தோணி அதை முழு அளவிலான தளமாகத் திறந்து வைத்தார். 2020 ஜனவரி 20-ல் பிரம்மோஸ் ஏவுகணையைச் சுமந்து செல்லும் சுகோய்-30 போர் விமானங்களின் 222-வது படைப்பிரிவு அங்கே வந்து சேர்ந்தது.

தளங்கள் இப்படித்தான் படிப்படியாக வளரும். ஓடுபாதை நீளலாம், குடியிருப்பு, கிடங்கு, ரேடார் என்று சேரலாம். அதற்கு நிலம் தேவைப்படலாம். ஒரு எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையை விரிவாக்க வேண்டுமென்றால், ஊருக்குள் பந்தல் போட்டு, கலெக்டர் வந்து உட்கார்ந்து, மக்கள் கருத்தைக் கேட்பார்கள். ராணுவத் தளத்துக்கும் அதே நடைமுறையா?

ஒரு வரியில் சொன்னால்: கருத்துக் கேட்புக் கூட்டம் கட்டாயம் இல்லை. ஆனா, மற்ற எல்லா கதவுகளும் மூடிவிட்டன என்று அர்த்தம் இல்லை. விரிவாகப் பார்க்கலாம்.

வழக்கமான நடைமுறை என்ன?

பெரிய திட்டங்களுக்கான சுற்றுச்சூழல் அனுமதி, 2006 செப்டம்பர் 14-ல் மத்திய அரசு வெளியிட்ட 'சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை'யின்படி வழங்கப்படுகிறது. சுருக்கமாக இ.ஐ.ஏ அறிவிக்கை.

இதன்படி, நிறுவனம் முதலில் வரைவு அறிக்கை தயாரிக்க வேண்டும். அதன் சுருக்கம் தமிழிலும் இருக்க வேண்டும். கலெக்டர் அலுவலகம், உள்ளாட்சி அலுவலகம் போன்ற இடங்களில் மக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும். மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நாளிதழ்களில் விளம்பரம் கொடுத்து, குறைந்தது 30 நாள் அவகாசம் தந்து கூட்டம் நடத்தும். கலெக்டரோ, அவர் சார்பில் மூத்த அதிகாரியோ தலைமை தாங்குவார். முழுக்க வீடியோ எடுக்கப்படும். அங்கே எழும் ஒவ்வொரு கேள்விக்கும் இறுதி அறிக்கையில் பதில் சொல்லியாக வேண்டும். அதன் பிறகுதான் நிபுணர் குழு பரிசீலிக்கும்.

ராணுவத்துக்கு விலக்கு எங்கே இருக்கிறது?

அதே அறிவிக்கையின் 7-வது பத்தியில், எந்தெந்தத் திட்டங்களுக்கு மக்கள் கருத்துக் கேட்பு தேவையில்லை என்று ஒரு பட்டியல் உண்டு. அதில் 'தேசப் பாதுகாப்பு தொடர்பான திட்டங்கள், மத்திய அரசு தீர்மானிக்கும் பிற கேந்திர முக்கியத்துவம் வாய்ந்த திட்டங்கள்' என்பதும் ஒன்று.

இங்கே கவனிக்க வேண்டியது, இந்தப் பத்தி விலக்கு கொடுப்பது மக்கள் கருத்துக் கேட்புக்கு மட்டும்தான். அறிவிக்கையின் அட்டவணைக்குள் வரும் திட்டம் என்றால், ஆய்வும் நிபுணர் குழுப் பரிசீலனையும் அப்படியே இருக்கும்.

அட்டவணைக்குள் வருமா என்பதுதான் அடுத்த கேள்வி. 'ராணுவத் தளம்' என்று தனியாக ஒரு வகை அதில் கிடையாது. விமான நிலையம் என்ற வகையில் வருவது வணிகப் பயன்பாட்டுக்கான ஓடுபாதைகள். அதனால் போர் விமானங்களுக்கு மட்டுமான ஓடுபாதை அதற்குள் சிக்காது. ஆனா 20,000 சதுர மீட்டருக்கு மேல் கட்டடம், துறைமுகம் என்று வேறு வகைகள் உண்டு. திட்டத்தின் எந்தப் பகுதி எந்த வகையில் வருகிறது என்று பார்க்க வேண்டும்.

ராணுவமும் வணிகமும் கலந்தால் நிலைமை மாறும். கிரேட் நிக்கோபார் தீவுத் திட்டம் அதற்கு உதாரணம். சரக்குப் பெட்டக முனையம், நகரியம், மின் நிலையம், கூடவே ராணுவமும் பொதுமக்களும் பயன்படுத்தும் விமான நிலையம். எல்லாம் ஒரே திட்டமாக வந்ததால் 2022 ஜனவரியில் கேம்பல் பே-யில் கருத்துக் கேட்புக் கூட்டம் நடந்தது. அதே ஆண்டு நவம்பரில் அனுமதியும் கிடைத்தது.

சுற்றுச்சூழல் காரணத்துக்காக ராணுவத் திட்டம் நின்றிருக்கிறதா?

நின்றிருக்கிறது. அந்தமானின் நார்கொண்டம் என்ற சிறு தீவில் ரேடார் அமைக்க கடலோரக் காவல்படை அனுமதி கேட்டது. உலகத்தில் அந்த ஒரு தீவில் மட்டுமே வாழும் இருவாச்சிப் பறவை இனம் இருக்கிறது என்று சொல்லி, 2012-ல் அப்போதைய சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெயந்தி நடராஜன் மறுத்துவிட்டார். 2014-ல் ஆட்சி மாறியதும் அதே திட்டத்துக்கு அனுமதி கிடைத்தது. ராணுவம் கேட்டாலும் மறுக்க சட்டத்தில் இடம் உண்டு, அந்த மறுப்பு நிரந்தரம் இல்லை என்ற ரெண்டு விஷயமும் இதில் தெரியும்.

டெல்டாவுக்குப் பொருந்தும் சட்டங்கள் என்ன?

1. நிலம் எடுப்புச் சட்டம், 2013: நிலம் கையகப்படுத்தும் முன் சமூகத் தாக்க மதிப்பீடு செய்ய வேண்டும். இதற்கென்று தனியாக மக்கள் கருத்துக் கேட்பும் உண்டு. இது இ.ஐ.ஏ கூட்டம் இல்லை, வேறு சட்டம். ராணுவத் தேவைக்கு அரசே நிலம் எடுக்கும்போது நில உரிமையாளர்களின் சம்மதம் தேவையில்லை. ஆனா மதிப்பீடு தேவை.

பிரிவு 10 டெல்டா விவசாயிகளுக்கு முக்கியம். பாசன வசதியுள்ள, ஒரு போகத்துக்கு மேல் விளையும் நிலத்தை வேறு வழியே இல்லாத நிலையில் கடைசியாகத்தான் எடுக்கலாம் என்கிறது அது. குறுவையும் சம்பாவும் விளையும் நிலத்துக்கு அடங்கல் சரியாகப் பதிவாகியிருக்கிறதா என்பது இங்கேதான் கைகொடுக்கும்.

பிரிவு 40-ஐயும் தெரிஞ்சு வச்சுக்கணும். நாட்டின் பாதுகாப்புக்கான அவசரம் என்று அரசு சொன்னால், சமூகத் தாக்க மதிப்பீட்டையே தவிர்க்கலாம். 80 சதவீத இழப்பீட்டை முன்கூட்டியே கொடுத்துவிட்டு நிலத்தைச் சுவாதீனம் எடுக்கலாம். அவசரமாக எடுத்தால் 75 சதவீதம் கூடுதல் இழப்பீடு உண்டு. ஆனா நாட்டின் பாதுகாப்பு சார்ந்த திட்டம் என்றால் அந்தக் கூடுதல் தொகை கட்டாயம் இல்லை. எடுக்கும் நிலம் தேவையான குறைந்தபட்ச அளவாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை மட்டும் மாறாது.

2. கடலோர ஒழுங்காற்று மண்டலம்: வேளாங்கண்ணி, நாகை கடற்கரையில் உயர் அலைக் கோட்டில் இருந்து 500 மீட்டர் வரை 2019-ம் ஆண்டு கடலோர ஒழுங்காற்று மண்டல அறிவிக்கை பொருந்தும். பாதுகாப்புத் திட்டங்களுக்கு இதில் சலுகைகள் உண்டு. ஆனா மாவட்டம்தோறும் தயாராகும் கடலோர மேலாண்மை வரைபடத்துக்கு மக்கள் கருத்துக் கேட்பு கட்டாயம். மீனவர் குடியிருப்பு, வலை உலர்த்தும் இடம், படகு நிறுத்தும் இடம் எல்லாம் வரைபடத்தில் ஏறியிருக்கிறதா என்று அப்போதே பார்த்துவிடுவது நல்லது. பின்னால் எந்தத் திட்டம் வந்தாலும் அதிகாரிகள் முதலில் எடுத்துப் பார்ப்பது அந்த வரைபடத்தைத்தான்.

3. வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், 1972: வேளாங்கண்ணிக்குத் தெற்கே இருக்கும் கோடியக்கரை 1967-ல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2002-ல் ராம்சார் பட்டியலிலும் சேர்ந்தது. சரணாலயத்துக்குள் கட்டுமானம் என்றால் தேசிய வன உயிரின வாரியத்தின் பரிந்துரை தேவை. ராணுவத்துக்கும் இது பொருந்தும். நார்கொண்டம் போய் நின்றதும் இந்த வாசலில்தான்.

4. பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம், 2020: தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் உள்ளிட்ட பகுதிகளில் ஹைட்ரோகார்பன், உருக்காலை, தோல் தொழிற்சாலை போன்றவற்றுக்கு இந்தச் சட்டம் தடை போடுகிறது. தடைப் பட்டியலில் ராணுவத் தளம் இல்லை. அதனால் இதை நம்பி இருக்க முடியாது.

'கேந்திர முக்கியத்துவம்' என்ற வார்த்தை ஏன் முக்கியம்?

விலக்கு என்றால் என்ன என்பது டெல்டாவுக்குப் புதுசு இல்லை. 2020 ஜனவரி 16-ல் எண்ணெய், எரிவாயு ஆய்வுக் கிணறுகளுக்கு மக்கள் கருத்துக் கேட்பு தேவையில்லை என்று மத்திய அரசு அறிவித்தது. எதிர்ப்பு கிளம்பியது. அடுத்த மாதமே வேளாண் மண்டலச் சட்டம் வந்தது.

2020 மார்ச்சில் வந்த புதிய இ.ஐ.ஏ வரைவு, கேந்திர முக்கியத்துவம் வாய்ந்தவை என்று அரசு சொல்லும் திட்டங்களின் தகவலைப் பொதுவெளியில் வைக்கவே தேவையில்லை என்றது. அந்த வரைவை மாநில மொழிகளில் மொழிபெயர்த்து வெளியிடச் சொல்லி டெல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டதும் அப்போதுதான். 2025 செப்டம்பரில் அணு கனிமங்கள், முக்கியக் கனிமங்களின் சுரங்கங்களுக்கும் கருத்துக் கேட்பில் இருந்து விலக்கு கிடைத்தது. சொல்லப்பட்ட காரணம் பாதுகாப்பும் கேந்திரத் தேவையும்தான். தமிழக அரசு எதிர்ப்பு தெரிவித்தது. போர் விமானத்துக்கு எழுதிய விலக்கு, மணல் தோண்டவும் பயன்படும் அளவுக்கு நீண்டிருக்கிறது.

வெளிநாட்டில் எப்படி?

அமெரிக்காவில் ராணுவத் தளத்துக்கும் வரைவு அறிக்கை வெளியிட்டு கருத்து கேட்கும் நடைமுறை இருந்தது. பசிபிக் தீவான குவாமில் கடற்படை வீரர்களுக்கான தள விரிவாக்கத்துக்கு 2009-ல் வந்த வரைவுக்கு 10,000-க்கும் மேற்பட்ட கருத்துகள் குவிந்தன. பாகாட் என்ற பழங்கால கிராமப் பகுதியில் துப்பாக்கி சுடும் தளம் வருவதை எதிர்த்து 2010-ல் வழக்கும் போடப்பட்டது. கடைசியில் அது வேறு இடத்துக்கு மாறியது. தளம் நிற்கவில்லை, இடம் மாறியது.

மக்கள் என்ன செய்யலாம்?

* திட்டம் பற்றிய தகவல்களை மத்திய அரசின் 'பரிவேஷ்' இணையதளத்தில் தேடலாம்.

* தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போடலாம். பாதுகாப்பு ரகசியம் என்று மறுக்க பிரிவு 8(1)-ல் இடம் உண்டு. பொதுநலன் பெரிது என்றால் கொடுக்கலாம் என்று பிரிவு 8(2) சொல்கிறது. ஏவுகணை பற்றிக் கேட்காமல் வடிகால், நிலத்தடி நீர், புல எண் பற்றிக் கேட்டால் மறுப்பது கஷ்டம்.

* கிராம சபையில் தீர்மானம் போடலாம். திட்டத்தைத் தடுக்கும் அதிகாரம் அதற்கு இல்லை. ஆனா வழக்கு என்று வந்தால் அது ஒரு ஆவணம். வேளாங்கண்ணி மாதிரி பேரூராட்சிகளில் கிராம சபை கிடையாது, மன்றத் தீர்மானம்தான் வழி.

* சுற்றுச்சூழல் அனுமதி கொடுத்துவிட்டால், சென்னையில் இருக்கும் தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வில் 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்யணும். தகுந்த காரணம் இருந்தால் மேலும் 60 நாள் வரை அனுமதிப்பார்கள். மொத்தம் 90 நாள் தாண்டினால் மேல்முறையீட்டை ஏற்க மாட்டார்கள். கருத்துக் கேட்புக் கூட்டம் நடக்காத திட்டங்களில் அனுமதி வந்ததே ஊருக்குத் தெரியாமல் போக வாய்ப்பு அதிகம் என்பதால், உத்தரவு தேதியை முதலில் குறித்துக்கொள்ளுங்கள்.