ஜெனோவா ஜெயில்

ஒரு சின்ன கற்பனை. நீங்களும் உங்கள் மனைவியும் இத்தாலிக்குப் போகிறீர்கள். கைடு கிடையாது. ஏஸி பஸ் கிடையாது. 'பத்து நாளில் ஏழு நாடு' என்று ஆட்டுமந்தை மாதிரி ஓட்டிக்கொண்டு போகும் டூர் பேக்கேஜ் கிடையாது. ஆளுக்கொரு முதுகுப் பை, மாற்றுத் துணி, பருப்புப் பொடி, எண்ணி எடுத்து வைத்த யூரோ நோட்டுகள். அவ்வளவுதான் சொத்து.

எல்லோரும் போகிற ரோமை அடுத்த முறை பார்த்துக் கொள்ளலாம். நாம் போகப்போவது மூன்றே ஊர். கிழக்கே வெனிஸில் இறங்கி, குறுக்கே ரயிலில் போய் மேற்குக் கரையில் ஜெனோவா. அங்கிருந்து கடலை ஒட்டியே தெற்கே இறங்கினால் பைசா. ஆமாம், சாய்ந்த கோபுரம் இருக்கிற அதே பைசாதான்.

ஏன் இந்த மூன்று ஊர்?

ஏனென்றால், 700 வருடங்களுக்கு முன்னால் இந்த மூன்று ஊர்க்காரர்களும் கடலில் ஒருவரையொருவர் பார்த்தால் போதும், வெட்டு குத்துதான். அந்தச் சண்டையின் நடுவேதான் உலகத்தின் மிகப் பிரபலமான பயணப் புத்தகம் ஒன்று பிறந்தது. நம்ம ஊர் பாண்டியர்கூட அதில் வருகிறார். எழுதப்பட்ட இடம்தான் வேடிக்கை.

ஜெயில்!

இங்கே ஒரு விஷயத்தைப் புரிந்து கொள்ள வேண்டும். இத்தாலி என்று ஒரே நாடு உருவானது 1861-ல்தான். அதற்கு முன்னால் ஒவ்வொரு ஊரும் ஒரு தனி தேசம். தனி ராணுவம், தனி நாணயம், தனித் திமிர். கடலை வைத்துப் பிழைத்தவர்களில் நாலு பேர் பெரிய தாதாக்கள்: அமால்ஃபி, பைசா, ஜெனோவா, வெனிஸ். இன்றைக்கு இத்தாலியக் கடற்படையின் கொடியைப் பாருங்கள். இந்த நாலு ஊர்களின் சின்னமும் ஒரே கட்டத்துக்குள் சமர்த்தாக உட்கார்ந்திருக்கும். 13-ம் நூற்றாண்டில் யாராவது அப்படி ஒரு கொடியைத் தைத்திருந்தால் தையல்காரரின் கையை எடுத்திருப்பார்கள்!

சண்டை எதற்கு? மிளகுக்கு. பட்டுக்கு. கிராம்புக்கு. ஆசியாவிலிருந்து வரும் சரக்கை எகிப்திலும் கருங்கடல் பக்கத்திலும் வாங்கி, ஐரோப்பாவுக்குக் கொண்டு போய்க் கொள்ளை லாபத்துக்கு விற்கும் உரிமை யாருக்கு என்பதுதான் வழக்கு. கோர்ட் கிடையாது. கப்பல்தான் தீர்ப்புச் சொல்லும்.

சரி, வெனிஸில் இறங்கியாகி விட்டது. இங்கே தங்கினால் பர்ஸ் பழுத்துவிடும். ஒரு பாலம் தாண்டினால் மெஸ்த்ரே. அங்கே ரூம் போட்டுக்கொண்டு காலையில் ரயிலில் வந்துவிடலாம். கோண்டோலா படகு சவாரியை மறந்து விடுங்கள். அதே மாதிரிப் படகில் பெரிய கால்வாயை இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்குக் கடக்க, சில்லறைக் காசு வாங்கிக்கொண்டு ஏற்றிக் கொள்வார்கள். 'த்ராகெத்தோ' என்று கேளுங்கள். இரண்டு நிமிஷ சவாரி. போட்டோவில் வித்தியாசம் தெரியாது.

ரியால்தோ பாலத்துக்குப் பக்கத்தில், மலிப்ரான் தியேட்டருக்குப் பின்னால் சந்து சந்தாக நுழைந்து போனால் ஒரு சின்ன முற்றம். டிக்கெட் இல்லை, கூட்டம் இல்லை. இங்கேதான் எங்கேயோ மார்க்கோ போலோவின் குடும்பத்து வீடு இருந்தது.

1271-ல், 17 வயதுப் பையனாக, அப்பா, சித்தப்பாவோடு கிளம்பினார் மார்க்கோ. சீனாவில் குப்ளாய் கானிடம் வேலை பார்த்தார். கடல் வழியாக, நம்ம தமிழ்க் கரையையெல்லாம் பார்த்துக்கொண்டு, 1295-ல் ஊர் திரும்பினார். 24 வருடம்! அப்பாடா என்று உட்கார்ந்திருக்கலாம். விடவில்லை விதி. வெனிஸுக்கும் ஜெனோவாவுக்கும் யுத்தம். 1298 செப்டம்பரில், இன்றைய குரோஷியா பக்கத்திலுள்ள கர்சோலா தீவருகே வெனிஸின் கடற்படை நொறுங்கியது. மார்க்கோ பிடிபட்டது இந்தச் சண்டையில்தான் என்பார்கள் பலர். இல்லை, அதற்கு முன்பே வேறொரு மோதலில் என்பாரும் உண்டு. எப்படியோ, 1298-ல் ஜெனோவா ஜெயிலில் கம்பி எண்ணிக் கொண்டிருந்தார் என்பது மட்டும் நிச்சயம். அவருடைய புத்தகத்தின் முன்னுரையே அதைச் சொல்கிறது.

நாமும் ஜெனோவாவுக்குப் போவோம். ரயில் டிக்கெட் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. மலிவான உள்ளூர் ரயிலுக்குக் காகித டிக்கெட் வாங்கினால், ஏறுவதற்கு முன் பிளாட்பாரத்து மெஷினில் செருகி முத்திரை குத்த வேண்டும். மறந்தால் அபராதம். மிச்சம் பிடித்த காசெல்லாம் போச்சு.

ஜெனோவாவின் பழைய துறைமுகத்துக்கு எதிரே 'பலாஸ்ஸோ சான் ஜார்ஜோ' என்றொரு மாளிகை. 1260-ல் கட்டியது. மார்க்கோ அடைபட்டிருந்தது இங்கேதான் என்பது அந்த ஊர் மரபு. இதில் ஒரு குரூர நகைச்சுவை உண்டு. கான்ஸ்டான்டிநோபிளில் வெனிஸ்காரர்கள் வைத்திருந்த கட்டடத்தை இடித்து, அந்தக் கல்லைக் கொண்டு வந்து இதில் பதித்தார்களாம். வெனிஸ் கல்லுக்குள்ளேயே வெனிஸ் கைதி!

உள்ளே அவருக்கு ஒரு கூட்டாளி கிடைத்தார். பெயர் ருஸ்திகெல்லோ. ஊர்? பைசா. தொழில்? ஆர்தர் ராஜா, வட்டமேஜை வீரர்கள் என்று ராஜா ராணிக் கதை எழுதுவது. இவர் சொல்ல, அவர் எழுத, கதை வளர்ந்தது. ஒரு நடை கூட வெளியே போக முடியாத இரண்டு பேர், நாலு சுவருக்குள் உட்கார்ந்து பாதி உலகத்தைச் சுற்றி வந்தார்கள்.

அந்தச் சுற்றில் பாண்டிய நாடும் வந்தது. முத்துக்குளிப்பு, தாமிரபரணி முகத்துவாரத்துக் காயல் துறைமுகம், கப்பல் கப்பலாக வந்திறங்கி, பராமரிக்கத் தெரியாமல் மடிந்து போகும் குதிரைகள், எல்லாவற்றையும் சொல்கிறார். ஒரு விசித்திரமான வழக்கத்தையும் சொல்கிறார். கடன்காரன் இழுத்தடித்தால், கடன் கொடுத்தவர் அவனைச் சுற்றித் தரையில் ஒரு வட்டம் போட்டு விடுவாராம். பாக்கியைத் தீர்க்காமல் வட்டத்தைத் தாண்டினால் மரண தண்டனை. ஒரு வெளிநாட்டு வியாபாரி ராஜாவையே, அவர் குதிரை மேல் இருக்கும்போது, இப்படி வட்டம் போட்டு மடக்கியதாகவும், பாக்கி தீரும்வரை ராஜா அசையாமல் நின்றதாகவும், அதைத் தாமே கண்ணால் பார்த்ததாகவும் சொல்கிறார் மார்க்கோ.

சுவரே இல்லாத அந்தச் சிறையைப் பற்றி, கல் சுவருக்குள் உட்கார்ந்து சொல்லும்போது அவருக்கு என்ன தோன்றியிருக்கும்?

சரி, இந்த பைசாக்காரர் ருஸ்திகெல்லோ எப்படி உள்ளே வந்தார்? அதற்கு 14 வருடம் பின்னால் போக வேண்டும்.

1284, ஆகஸ்ட் 6. புனித சிக்ஸ்துவின் திருநாள். பைசாக்காரர்களுக்கு ராசியான நாள். அன்றைக்குச் சண்டை போட்டால் ஜெயம் என்று நம்பிக்கை. மெலோரியா என்ற பாறைத் தீவருகே ஜெனோவாவின் கப்பல்கள் நிற்பதைப் பார்த்தார்கள். இவ்வளவுதானே என்று பாய்ந்தார்கள். அது பொறி. பின்னால், பாய்மரத்தை இறக்கி வைத்துக்கொண்டு இன்னொரு கப்பல் கூட்டம் காத்திருந்தது. பைசாவின் கடற்படை அன்றோடு காலி. ஆயிரக்கணக்கானவர்கள் ஜெனோவாவுக்குக் கைதிகளாகப் போனார்கள். பைசாவைப் பார்க்க வேண்டுமானால் ஜெனோவாவுக்குப் போ என்று பழமொழியே உண்டானது. ருஸ்திகெல்லோவும் பெரும்பாலும் அன்றைக்கு மாட்டியவராகத்தான் இருக்க வேண்டும்.

ஜெனோவாவின் பழைய நகரில் 'காம்போ பிசானோ' என்று ஒரு சதுக்கம் இருக்கிறது. பைசாக்காரர் மைதானம் என்று அர்த்தம். சுற்றிலும் வண்ண வண்ண வீடுகள், மாடியில் காயும் துணிகள். போட்டோவுக்கு அருமையான இடம். திரும்பிப் போகாத பைசா கைதிகளைப் புதைத்த இடம் என்கிறது மரபு. கேமராவை எடுப்பதற்கு முன்னால் ஒரு நிமிஷம் நின்று விட்டு எடுங்கள்.

பசிக்கிறதா? ஹோட்டலில் உட்கார்ந்து சாப்பிட நமக்குக் கட்டுப்படி ஆகாது. தெருக்கடையில் 'ஃபாரினாத்தா' கேளுங்கள். கொண்டைக்கடலை மாவு, தண்ணீர், ஆலிவ் எண்ணெய், உப்பு. பெரிய செம்புத் தட்டில் ஊற்றி விறகடுப்பில் வைத்து எடுப்பார்கள். கிட்டத்தட்ட நம்ம அடை. இதற்கும் ஒரு கர்ணபரம்பரைக் கதை. மெலோரியாவில் ஜெயித்துத் திரும்பும்போது புயலாம். கப்பலில் கடலையும் எண்ணெயும் கொட்டிக் கடல் தண்ணீரோடு கலந்து கூழாகி விட்டதாம். அதை வெயிலில் காய வைத்துத் தின்றார்களாம். தோற்றவனைக் கிண்டல் பண்ண 'பைசாவின் தங்கம்' என்று பெயரும் வைத்தார்களாம். நிஜமோ பொய்யோ, நமக்கு வயிறு நிறைந்தது.

இப்போது பைசாவுக்கு ரயில். இரண்டு, இரண்டரை மணி நேரம். கடல் பக்கத்து ஜன்னலைப் பிடித்துக் கொள்ளுங்கள். குகை, இருட்டு, சட்டென்று கடல். மறுபடி குகை, மறுபடி கடல். நடுவில் சிங்க்வே தெர்ரே எனும் ஐந்து கிராமங்கள். பாறை விளிம்பில் யாரோ தீப்பெட்டிகளை அடுக்கிய மாதிரி வீடுகள். அடுத்து லா ஸ்பெட்சியா. அங்கே இறங்கி பஸ் பிடித்தால் போர்ட்டோவெனரே ஒரு பக்கம், லெரிச்சி மறுபக்கம். நடுவே நீல வளைகுடா. போர்ட்டோவெனரே கோட்டை, பைசாவுக்கு எதிராக ஜெனோவா நிறுத்திய காவல்காரன். லெரிச்சி கோட்டை கொஞ்ச காலம் பைசாக்காரர் கையில் இருந்தது. இன்றைக்கு ஐஸ்க்ரீம் சாப்பிடும் இரண்டு கரைகளும் அன்றைக்கு ஒன்றையொன்று முறைத்துக் கொண்டு நின்றவை.

நாம் ரயிலில் இரண்டரை மணி நேரத்தில் கடக்கிறோமே, இந்தத் தூரத்தை எதிர்த்திசையில் சிலர் நடந்து கடந்திருக்கிறார்கள்.

பைசாவின் பெண்கள்!

அந்தக் காலத்துத் துறவி சலிம்பேனே தம்முடைய வரலாற்றுக் குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். நல்ல வசதியான குடும்பத்துப் பெண்கள், முப்பது பேர், நாற்பது பேர் எனக் கூட்டமாகச் சேர்ந்து, பைசாவிலிருந்து ஜெனோவாவுக்குக் கால்நடையாகவே வந்தார்களாம். ஒருத்திக்குக் கணவன் உள்ளே, ஒருத்திக்கு மகன், ஒருத்திக்கு அண்ணன். ஜெயில் வாசலில் வந்து விசாரித்தால் காவலர்கள் சொல்லும் பதில், நேற்று முப்பது பேர் போய்விட்டார்கள், இன்றைக்கு நாற்பது பேர் என்பதுதானாம். கைதிகளைக் கொல்லாமல் வருடக்கணக்கில் அடைத்து வைத்ததற்கும் அவர் ஒரு காரணம் சொல்கிறார். புருஷன் செத்தால் மனைவி மறுமணம் செய்துகொள்வாள், பிள்ளை பிறக்கும், பைசா மறுபடி தலையெடுக்கும். உயிரோடு அடைத்து வைத்தால் அதற்கும் வழியில்லை.

இப்படிக் கூடவா யோசிப்பார்கள்? யோசித்தார்கள்.

1299-ல் சமாதானம் ஏற்பட்டது. மார்க்கோ வெனிஸுக்குத் திரும்பி, கல்யாணம் செய்துகொண்டு, மூன்று பெண்களுக்கு அப்பாவாகி, 1324-ல் காலமானார். ருஸ்திகெல்லோ? கதையை எழுதிக் கொடுத்ததோடு சரி. சரித்திரத்தில் அதற்கப்புறம் அவரைக் காணோம்.

ஜெயித்தவர்கள் மட்டும் நீடித்தார்களா? அந்தப் புத்தகம் எழுதப்பட்டு மிகச் சரியாக 200 வருடம் கழித்து, 1498-ல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டில் வந்து இறங்கினார். மிளகுக்கு நேர்வழி கிடைத்து விட்டது. பைசா அதற்கு முன்பே, 1406-ல், ஃப்ளாரன்ஸிடம் விழுந்திருந்தது. வெனிஸும் ஜெனோவாவும் மெல்ல மெல்லத் தேய்ந்து, இரண்டுமே 1797-ல், நெப்போலியன் புயலில் தங்கள் பழைய குடியரசை இழந்தன.

பைசா வந்தாயிற்று. சாய்ந்த கோபுரத்துக்கு முன்னால் நூறு பேர் கையை நீட்டி, முட்டுக் கொடுக்கிற மாதிரி போட்டோ எடுத்துக் கொண்டிருப்பார்கள். நீங்களும் எடுத்துக் கொள்ளுங்கள், தப்பில்லை. புல்வெளிக்குக் காசு கிடையாது. அப்படியே பக்கத்தில் நீளமாகத் தெரியும் வெள்ளைக் கட்டடத்துக்குள் நுழையுங்கள். காம்போசாந்தோ, பழைய கல்லறை மண்டபம். கோபுரத்தில் ஏறும் கட்டணத்தில் பாதிகூட ஆகாது.

உள்ளே ஒரு சுவரில் துருப்பிடித்த கனமான இரும்புச் சங்கிலிகள் தொங்கும். உங்கள் மனைவி கேட்பார்: "ஏங்க, கோயில் மாதிரி இருக்கிற இடத்துல சங்கிலி எதுக்கு?"

சொல்லுங்கள். அது பைசா துறைமுகத்தின் வாயைக் கட்டிய சங்கிலி. 1290-ல் ஜெனோவாக்காரர்கள் வந்து துறைமுகத்தை நாசம் செய்து, சங்கிலியை அறுத்து, துண்டு துண்டாகத் தங்கள் ஊர்க் கோட்டை வாசல்களில் தொங்க விட்டார்கள். கிட்டத்தட்ட 570 வருடம் அங்கேயே தொங்கியது. இத்தாலி ஒரே நாடாகச் சேர்ந்து கொண்டிருந்த 1860-ல், இனி நமக்குள் என்ன என்று ஜெனோவா அதைத் திருப்பிக் கொடுத்தது.

சங்கிலி வந்தது. நடந்து போன பெண்கள் தேடிய ஆட்களில் பலர் வரவில்லை.

வெளியே வந்தால் மறுபடி பசிக்கும். இங்கேயும் அதே கடலைமாவு அடை கிடைக்கும். பெயர் மட்டும் 'செச்சீனா'. ரொட்டிக்குள் வைத்துத் தருவார்கள். நின்றபடியே சாப்பிடுங்கள், மலிவு. ருசியில் ஜெனோவாவுக்கும் பைசாவுக்கும் ஒரு வித்தியாசமும் தெரியாது.

கடைக்காரரிடம் அந்த 'பைசாவின் தங்கம்' கதையை மட்டும் சொல்லிவிடாதீர்கள்!