கேட்பவர் யார், சொல்பவர் யார்: காஞ்சிபுரம் வட்டாரத்தில் பெரியவர்களுக்கான வேதபாடம் வளர்ந்த வரலாறு

தமிழ்நாட்டுத் திருச்சபை வரலாறுகளில் மிஷன் பள்ளிகளுக்கும் அச்சகங்களுக்கும் பக்கம் பக்கமாக இடம் உண்டு. ஞானஸ்நானம் பெற்ற பெரியவர்கள் அதன்பிறகு வேதத்தை எப்படிப் படித்தார்கள், படித்ததால் சபை வாழ்வில் அவர்கள் பங்கு கூடியதா என்பது ஓரிரு வரிகளில் முடிந்துவிடும். கோயில் நகரமாகவும் பட்டுத்தறி நகரமாகவுமே அறியப்பட்ட காஞ்சிபுரம் இந்தக் கேள்விக்கு நல்ல களம். வகுப்பில் கேள்வி கேட்கும் உரிமை யாரிடம் இருந்ததோ, அதைப் பொறுத்தே வேதபாடத்தின் தரமும் சபையாரின் ஈடுபாடும் அமைந்தன என்பதே இக்கட்டுரையின் வாதம்.

தொடக்கம் தரங்கம்பாடி. 1706 ஜூலையில் அங்கு வந்திறங்கிய மிஷனெரி சீகன்பால்கு, ஜெர்மனியின் ஹாலே நகரின் பக்தி இயக்கத்தில் பயின்றவர். அந்த இயக்கத்தின் மூலவரான ஸ்பேனர் 1675-இல் வெளியிட்ட நூலில், சாதாரண விசுவாசிகள் கூடி வேதத்தை வாசித்துத் தங்களுக்குள் கலந்து பேச வேண்டும் என்று வாதிட்டிருந்தார். 1715-இல் தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சாகிவிட்டதால் அந்த யோசனைக்கு இங்கும் வழி திறந்திருந்தது. ஆனால் நடைமுறையில் வேரூன்றியது ஞானோபதேச வினாவிடை. உபதேசியார் கேட்பார்; ஞானஸ்நானத்துக்கு ஆயத்தமாகிறவர் மனப்பாடமாக விடை சொல்வார். கேள்வியும் விடையும் ஒரே கையால் எழுதப்பட்டவை. விதிவிலக்குகள் இல்லாமல் இல்லை. தஞ்சை மன்னரின் படையில் பணியாற்றிய ராஜநாயக்கன் புதிய ஏற்பாட்டைத் தாமே வாசித்து மனம் மாறியவர். பின்னாளில் அவரே உபதேசியார் ஆனார். 1733-இல் ஆரோன் குருப்பட்டம் பெற்றபோது, வேதத்தை விளக்கும் பொறுப்பு தரங்கம்பாடி மிஷனில் முதன்முறையாக ஒரு தமிழர் கைக்கு முறைப்படி வந்தது. அவரும் குரு, மற்றவர் கேட்போர் என்ற அமைப்பு மட்டும் மாறவில்லை.

காஞ்சிபுரத்துக்கு வேதபாடம் பள்ளிக்கூடத்தின் வழியாகவே வந்தது. 1837-இல் சென்னையில் பள்ளி தொடங்கிய ஸ்காட்லாந்து மிஷனெரி ஜான் ஆண்டர்சன், 1839-இல் காஞ்சியில் அதன் கிளையைத் திறந்தார். கல்கத்தாவில் மிஷனெரி அலெக்சாண்டர் டஃப் வகுத்த வழியையே அவரும் பின்பற்றினார்: ஆங்கிலக் கல்வி, அதன் நடுவில் வேதம், குறுக்குக் கேள்வி கேட்டு மாணவனைச் சிந்திக்க வைப்பது. 1841-இல் சென்னையில் ராஜகோபால் உள்ளிட்ட மாணவர்கள் ஞானஸ்நானம் பெற்றபோது ஊரே கொதித்தது. பள்ளியைவிட்டுப் பிள்ளைகள் விலகினார்கள். ராஜகோபால் 1851-இல் குருப்பட்டம் பெற்றார். அறிவுத் தளத்தில் இது கூர்மையான வேதபாடந்தான். ஆனால் அதில் அமர்ந்தவர்கள் பெரும்பாலும் மேல்சாதி இந்துச் சிறுவர்கள். வளர்ந்தவர்களுக்கும், ஆங்கிலம் அறியாதவர்களுக்கும், பெண்களுக்கும் அந்த அறையில் இடமில்லை.

பெரியவர்கள் திரளாகச் சபைக்கு வந்தது கிராமச் சேரிகளிலிருந்து. செங்கல்பட்டு மாவட்டத்துப் பறையர்களின் நிலமற்ற நிலையை ஆட்சியர் டிரமென்ஹீர் ஆவணப்படுத்தியதும், ஆடம் ஆண்ட்ரூ போன்ற மிஷனெரிகள் அவர்களுக்கு நிலம் கேட்டு வாதாடியதும், 1892-இல் அதற்கான அரசாணை பிறந்ததும் இந்த வட்டாரத்துக் கதையே. இந்தச் சபைகளின் அச்சாணி, ஆசிரியர்–உபதேசியார். பகலில் பிள்ளைகளுக்கு அரிச்சுவடி. பண்ணையில் கூலிவேலை முடிந்து பெரியவர்கள் வரும் பொழுது இருட்டிவிடும். பிறகு விளக்கொளியில் ஜெபம், பாட்டு, ஒரு வேதக் கதை. மாதம் ஒருமுறை உபதேசியார்கள் மிஷன் பங்களாவில் கூடுவார்கள். சம்பளம் வாங்குவது, கணக்கு ஒப்படைப்பது, அடுத்த மாதத்துக்கான பாடத்தைப் படிப்பது எல்லாம் அன்றே. எழுத்தறியாத கூலிக்காரர் ஒருவரை இயேசுவின் உவமையைத் தம் வாயால் திருப்பிச் சொல்ல வைத்தது இந்த ஏற்பாடுதான்; அதைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. அதே சமயம், வேதத்தை விளக்குவது சம்பளக்காரர் வேலை என்ற எண்ணத்தையும் அது ஆழமாக ஊன்றிவிட்டது. உபதேசியார் மாற்றலாகிப் போனால் ஜெபவீட்டுக் கதவும் சாத்திக்கொள்ளும். வாஸ்கம் பிக்கெட் 1933-இல் வெளியிட்ட திரள் இயக்க ஆய்வும் இதையொட்டியே பேசுகிறது: மக்கள் எந்த நோக்கத்தோடு சபைக்கு வந்தார்கள் என்பதைவிட, வந்தபின் கிடைத்த போதனையும் ஒழுங்கான ஆராதனையுமே அவர்களின் வளர்ச்சியைத் தீர்மானித்தன.

1938-இல் இரண்டு குரல்கள் எழுந்தன. தாம்பரம் கிறிஸ்தவக் கல்லூரியில் கூடிய உலக மிஷனெரி மாநாடு, உள்ளூர்ச் சபையே நற்செய்திப் பணியின் மையம் என்றது. அதையொட்டி வெளிவந்த ‘இந்தியாவில் கிறிஸ்தவத்தைப் பற்றிய மறுசிந்தனை’ என்ற தொகுப்பு, அந்தச் சபையே இறக்குமதிச் சரக்கு என்று முகத்தில் அடித்தாற்போல் சொன்னது. அதை எழுதியவர்களில் முன்னின்ற செஞ்சையா நீதிபதி, சக்கரை வழக்கறிஞர். இருவரும் குருமார் அல்லர். சபையார் தாமே வேதத்தோடு மல்லுக்கட்டினால் என்ன விளையும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று தேட வேண்டியதில்லை. சபைத் தலைமை அதைச் சங்கடத்தோடுதான் எதிர்கொண்டது.

இந்தப் பின்னணியில் 1939-இல் மிஷனெரி லெஸ்லி நியூபிகின் காஞ்சிபுரத்துக்கு வந்தார். 1936-இல் சென்னைக்கு வந்தவர், பேருந்து விபத்தில் காலொடிந்து ஊர் திரும்பி, மறுபடி வந்திருந்தார். கிராமச் சபைகளையும் ஆசிரியர்களையும் மேற்பார்க்கும் மாவட்ட மிஷனெரி வேலை. இவர் கலந்துகொண்ட குறிப்பிடத்தக்க வேதபாடம் சபைக் கட்டடத்தில் நடக்கவில்லை. இராமகிருஷ்ண மடத்துக் கூடத்தில் நடந்தது. வாரம் ஒரு மாலை, இந்துக்களும் கிறிஸ்தவர்களும் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தார்கள். ஒரு வாரம் சுவேதாசுவதர உபநிடதம். மறுவாரம் யோவான் சுவிசேஷம். தேர்வே நுட்பமானது. உபநிடதங்களில் ருத்திரனை ஒரே இறைவனாகப் போற்றி, பக்தியை வெளிப்படையாகப் பேசுவது சுவேதாசுவதரம். ஏகாம்பரநாதர் ஊரில் யோவானோடு சேர்த்து வாசிக்க அதைவிடப் பொருத்தமான நூல் ஏது? இங்கே கேள்வி இரு பக்கமிருந்தும் வந்தது. மிஷனெரியும் ஒரு வாரம் மாணவர்.

இதனால் வேறுபாடுகள் கரைந்துவிடவில்லை. மடத்தின் கூடத்தில் சமயப் பெரியோர் படங்களின் வரிசையில் இயேசுவின் படமும் இருந்தது. கிறிஸ்துமஸ் அன்று அதற்கு வழிபாடும் நடந்தது. அது கிறிஸ்துவை ஏற்றதன் அடையாளமன்று, அவரை முன்பே அமைந்த ஒரு சட்டகத்துக்குள் உட்காரவைத்ததன் அடையாளம் என்று நியூபிகின் பின்னால் எழுதினார். மேலைநாட்டுச் சபைகளும் தம் பண்பாட்டுச் சட்டகத்துக்குள் இயேசுவை இப்படித்தான் அடக்கிவைத்திருக்கின்றன என்ற விமரிசனத்துக்கும் அந்த அனுபவமே அவருக்கு உதவியது. இருதரப்பும் கேட்கும் வகுப்பில்தான் இத்தகைய தெளிவு பிறக்கும். வினாவிடைப் புத்தகம் அதைத் தராது.

1947 செப்டம்பர் 27-இல் தென்னிந்தியத் திருச்சபை உருவானது. அன்றே மதுரை–ராமநாதபுரம் பேராயராக அபிஷேகம் பெற்ற நியூபிகின், ஊருக்கு ஒரு சம்பளக்காரர் என்ற ஏற்பாட்டை நம்பியிராமல், ஊரிலேயே உழைத்துப் பிழைக்கும் விசுவாசிகளைச் சபைத் தலைவர்களாகப் பயிற்றுவிப்பதற்கு முக்கியத்துவம் கொடுத்தார். கிராமச் சபையில் விசுவாசிகள் நடுவில் தரையில் அமர்ந்திருக்க, சுற்றிலும் மற்ற சமயத்தார் நின்று கேட்கும் காட்சியை அவர் விவரிக்கிறார்: நிற்பவர்கள் பிரசங்கத்தை நம்புவது, உட்கார்ந்திருப்பவர்களின் வாழ்க்கையைப் பார்த்துத்தான். சபையே சுவிசேஷத்தின் விளக்கவுரை என்று 1989-இல் அவர் எழுதியதன் வேர்கள் இந்தக் கிராமங்களில் இருக்கின்றன. 1950-இல் வந்த புதிய நற்கருணை ஆராதனை முறையும் அதே திசையில் நகர்ந்தது. வேதப் புத்தகம் ஆராதனையின் தொடக்கத்தில் சபை நடுவே கொண்டுவரப்பட்டது. சமாதான வாழ்த்து கைக்குக் கை சென்றது. ஜெபங்களில் சபையாருக்கும் குரல் கிடைத்தது.

1965 முதல் 1974 வரை நியூபிகின் சென்னைப் பேராயர்; காஞ்சிபுரம் மீண்டும் அவர் பொறுப்பில் வந்தது. ஒரு முடிச்சு மட்டும் அவிழவில்லை. சம்பளமில்லாத தலைவர் வேதம் நடத்தலாம், ஜெபம் நடத்தலாம். திருவிருந்து (நற்கருணை) நடத்த முடியாது. அதற்குக் குருப்பட்டம் பெற்ற ஆயர் வர வேண்டும். அந்த ஆயருக்கோ அவர் பொறுப்பு வட்டாரமான குருசேகரத்தில் எத்தனையோ கிராமங்கள். வேதபாடத்தில் சபையார் கேள்வி கேட்கத் தொடங்கிய பிறகும் சபையின் தலைமையான சடங்கில் அவர்கள் காத்திருப்பவர்களாகவே இருந்தார்கள். இன்றைக்குக் குருசேகரக் கமிட்டித் தேர்தலுக்குத் திரளும் கூட்டத்தில் பெரும்பகுதி வாரநாள் வேதபாடத்துக்கு வராத சபைகள் உண்டு. பங்கேற்பின் கதவாகச் சபையார் தேர்தலைக் கண்டுகொண்டதற்கும் இந்தப் பழைய முடிச்சுக்கும் தொடர்பு இருக்கிறது என்பது என் கணிப்பு. பேராய ஆவணங்களோடு குருசேகரக் கமிட்டிகளின் பழைய நடவடிக்கைப் புத்தகங்களையும் ஒப்பிட்டுத்தான் அதைச் சோதிக்க வேண்டும்.