பெயரேட்டுக்கு வெளியே: படையினர் நலக் கொடைக்கு உரியவர் யார்?

பண்டாரவளையில் ரயிலேறி அப்புத்தளைப் பக்கம் போனால் அடுத்த நிலையம் தியத்தலாவை. 1900இல் ஏறத்தாழ 5,000 போயர் போர்க் கைதிகள் அடைக்கப்பட்ட ஊர் அது. இன்று இலங்கை இராணுவ அக்கடமி அங்கேதான் இருக்கிறது. சுற்றிவரத் தேயிலைத் தோட்டங்கள். படைமுகாமும் லயன்களும் இவ்வளவு நெருங்கி இருந்தும், படையினர் நலனுக்கென்று திரட்டப்படும் பணம் எந்த வாசலில் நிற்கிறது, எந்த வாசலைத் தாண்டிப் போகிறது என்ற கேள்வி இங்கே அதிகம் எழுந்ததில்லை.

ஓய்வூதியச் சட்டம் யாரைச் சேர்க்கிறதோ அவரையே கொடை நிறுவனமும் சேர்த்துக்கொண்டால் அது அரசின் இன்னொரு கவுண்டர் மட்டுமே என்பதுதான் இக்கட்டுரையின் வாதம். சட்டத்தின் கை எட்டாதவர்கள் இருந்ததால்தான் படையினர் நலக் கொடை என்ற ஒன்றே தேவைப்பட்டது.

பிரித்தானியாவில் இதன் தொடக்கத்தைப் பார்க்கலாம். 19ஆம் நூற்றாண்டில் அந்நாட்டுச் சிப்பாய் ஒருவர் மணமுடிக்கப் படைத் தலைவரின் அனுமதி வேண்டும். அனுமதியோடு மணந்தவரின் மனைவி படையின் ஏட்டில் ஏறினாள். குடியிருப்பும் உணவும் கிடைத்தன. அனுமதியின்றி மணந்தவரின் மனைவி எந்த ஏட்டிலும் இல்லை. தோட்டத்தில் பேர் பதிந்தவருக்கும் கைக்காசு வேலைக்கு வருபவருக்கும் உள்ள வேறுபாட்டை அறிந்தவர்களுக்கு இது புதிதாக இராது. எகிப்துக்குப் படை புறப்பட்ட 1885இல், பின்னால் விடப்பட்ட குடும்பங்களுக்காக ஜேம்ஸ் கில்டியா ஒரு சங்கத்தைத் தொடங்கினார். இன்று சஃபா என்று அறியப்படும் அந்த அமைப்பு கேட்கும் சேவைத் தகுதி சம்பளத்துடன் ஒரேயொரு நாள் பணி. அந்த ஒரு நாள் இருந்தால், குடும்பத்தாரும் உதவி கேட்கலாம்.

இலங்கையில் சர்ச்சை பூவில் தொடங்கியது. முதலாம் உலகப் போரில் இறந்தோரை நினைவுகூரும் நவம்பர் 11ஆம் நாளில் இங்கும் பொப்பி மலர்கள் விற்கப்பட்டன. சேர்ந்த பணத்தில் பெரும் பகுதி பிரித்தானிய முன்னாள் படையினருக்கே போனது. அதே பேரரசுக்காகப் போருக்குப் போய்த் திரும்பிய உள்ளூர்க்காரருக்குக் கிடைத்தது சொற்பம். முன்னாள் படையினரான ஏலியன் பெரேரா, அதே நாளில் சூரியமலரை, அதாவது நமது பூவரசம்பூவை, விற்று உள்ளூர் முன்னாள் படையினருக்குப் பணம் சேர்த்தார். 1933இல் இளைஞர் இயக்கத்தினர் அதைக் கையிலெடுத்தபோது அது பேரரசு எதிர்ப்பு இயக்கமாக வளர்ந்தது. இங்கிலாந்தில் பிறந்து இலங்கையில் பாடசாலை அதிபராக இருந்த டொரீன் யங், இந்நாட்டுப் பிள்ளைகளைப் பொப்பி வாங்க வைப்பதைப் பத்திரிகையில் கடுமையாகச் சாடினார். பின்னாளில் அவரே டொரீன் விக்கிரமசிங்க என்ற பெயரில் இடதுசாரி அரசியலில் அறியப்பட்டார்.

சூரியமல் இயக்கத்தை இடதுசாரி வரலாற்றின் முன்னுரையாகவே எழுதுவது வழக்கம். 1935இல் லங்கா சமசமாஜக் கட்சி அதிலிருந்து முளைத்ததால் அது இயல்புதான். ஆனால் கொடையின் வரலாறாகப் படித்தால் ஒரு நட்டமும் தெரிகிறது. 1934-35 மலேரியாக் கொள்ளைநோய் வந்தபோது இயக்கத்தினரின் உழைப்பு நிவாரணத்துக்குத் திரும்பியது. அது செய்யவேண்டிய வேலைதான். எனினும் ஏலியன் பெரேரா யாருக்காகப் பூ விற்றாரோ, அந்த உள்ளூர் முன்னாள் சிப்பாய் மறுபடி கணக்கிலிருந்து நழுவிப்போனார்.

விடுதலைக்குப் பின் தகுதியை அரசு எழுதியது. 1999ஆம் ஆண்டின் 54ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த ரணவிரு சேவா அதிகார சபை, போரில் உயிரிழந்த, காணாமற்போன, அங்கவீனமுற்ற படையினரையும் பொலிஸாரையும் அவர்கள் குடும்பங்களையும் முன்வைக்கிறது. காகிதத்தில் தெளிவான வகுப்புத்தான். நடைமுறையில் சேவைக் காலம் என்ற இன்னொரு அளவுகோல் குறுக்கே வந்தது. 12 ஆண்டு நிறைவதற்குள் காயப்பட்டு மருத்துவக் காரணத்தால் விலக்கப்பட்டவர்கள் முழு ஓய்வூதியம் கோரி, 2016 நவம்பரில் கொழும்புக் கோட்டையில் போராடினார்கள். பொலிஸார் அவர்கள்மீது நீர்த்தாரை பாய்ச்சினர். கால் போன நாளில் அந்தச் சிப்பாயின் சேவை 12 ஆண்டைத் தொட்டிருந்ததா என்று நாட்காட்டியைப் புரட்டும் விதி, வலியை அளக்கும் கருவி அல்ல.

காணாமற்போனோர் விடயத்தில் சட்டம் கொஞ்சம் தாராளம் காட்டியது. 2016ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டம், போரில் காணாமற்போன பொதுமகனையும் களத்தில் காணாமற்போன படையாளையும் ஒரே வரைவிலக்கணத்துக்குள் கொண்டுவந்தது. பதுளையில் சிப்பாய் மகனைத் தேடும் தாயும் முல்லைத்தீவில் மகனைத் தேடும் தாயும் அந்த ஒரு பிரிவிலாவது அடுத்தடுத்து நிற்கிறார்கள்.

தோட்டத்துக்கு வருவோம். 1948இன் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964இன் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களைத் தலைக்கணக்கில் பங்கிட்டது. மிச்சமிருந்த கணக்கு தீர 2003 வரை சட்டம் இயற்ற வேண்டியிருந்தது. குடியுரிமை இல்லாதவருக்கு அரச படையில் இடமில்லை. ஆக, தியத்தலாவை முகாமின் வேலிக்கு வெளியே கொழுந்து பறித்த குடும்பங்கள் பல பத்தாண்டுகளாகப் படையினர் நலன் என்ற பேச்சுக்குள்ளேயே வரவில்லை. இன்று அவர்களின் பிள்ளைகளுக்குச் சட்டத்தில் தடை இல்லை. தடை இருப்பது படிவத்தில்: பதியாத திருமணம், பெயர் மாறி எழுதிய பிறப்புச் சான்று, தனி இலக்கமில்லாத லயன் முகவரி.

கொடையின் வாசலை அகலப்படுத்துவதற்கு ஓர் எல்லையும் உண்டு. 2000 ஒக்டோபர் 25இல் பண்டாரவளையை அடுத்த பிந்துனுவெவ புனர்வாழ்வு முகாமில் 25க்கும் மேற்பட்ட தமிழ் இளைஞர்கள் கும்பலால் கொல்லப்பட்டனர். அவர்களின் குடும்பங்களையும் படையினர் நலக் கொடைக்குள் சேர்க்கலாமே என்று ஒருவர் கேட்கக்கூடும். சேர்ப்பது தவறு. அரசின் காவலில் இருந்தவரின் சாவுக்கு அரசு தரவேண்டியது இழப்பீடு. அதற்கு 2018ஆம் ஆண்டின் 34ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இழப்பீட்டு அலுவலகம் இருக்கிறது. அந்தக் கடனைக் கொடையாக மாற்றினால் பொறுப்பு மறைந்துவிடும்.

விதியைத் தளர்த்தினால் பொய்க் கோரிக்கைகள் குவியும் என்பது வலுவான மறுப்பு. ஆனால் ஒரு நாள் பணி என்பதும் விதிதான். 12 ஆண்டைச் சரிபார்க்கும் அதே சேவைப் பதிவேட்டில் அதையும் சரிபார்க்கலாம். உண்மையில் கடினமானது யார் யாரை நம்பி வாழ்ந்தார் என்பதை நிறுவுவதே. ஊவாவில் அதற்கான சாட்சிகள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன: கிராம உத்தியோகத்தரின் கடிதம், தோட்டத்துச் செக்ரோல், மகன் மாதாமாதம் பணம் போட்ட வங்கிப் புத்தகம். திருமணச் சான்றிதழ் கேட்கும் இடத்தில் இவற்றையும் ஏற்கலாம் என்று ஒரு வரி சேர்க்க, கொடை நிறுவனங்களுக்குப் பாராளுமன்றத்தின் அனுமதி தேவையில்லை.