ஆளுக்கொரு இசைக்குழு: ஒரு விளையாட்டின் பழைய கதை



பாட ஒருவர், வயலினுக்கு ஒருவர், தாளத்துக்கு ஒருவர் என்று நண்பர்கள் முறைவைத்துப் பிடித்த கலைஞர்களை எடுத்து, ஆளுக்கொரு கற்பனைக் குழு அமைக்கும் விளையாட்டு உங்களுக்குத் தெரிந்திருக்கும். இதற்கு அமெரிக்காவில் ஒரு முன்னோடி உண்டு.

'டவுன்பீட்' என்ற இசைப் பத்திரிகை 1936-இல் ஜாஸ் ரசிகர்களிடம் ஓட்டு கேட்டது. டிரம்பெட், கிளாரினெட், பியானோ என்று வாத்தியத்துக்கு ஒருவர். 'மெட்ரோனோம்' பத்திரிகை 1939-இல், தன் வாசகர்கள் தேர்ந்தெடுத்தவர்களை ஒன்றுகூட்டி இசைத்தட்டே பதிவு செய்தது. அந்தக் குழுவில் எல்லோரும் வெள்ளையர். ஜாஸை உருவாக்கிய கறுப்பினத்தவர் ஒருவர்கூட இல்லை. வானொலியிலும் பெரிய ஹோட்டல்களிலும் வெள்ளையர் குழுக்களுக்கே அதிக வாய்ப்பு. காதில் விழுந்த பெயருக்குத்தானே ஓட்டு விழும்?

பிறகு 'எஸ்குயர்' பத்திரிகை, நிறையக் கேட்டுப் பழகிய விமர்சகர்களிடம் தேர்வை விட்டது. லூயி ஆம்ஸ்ட்ராங், பில்லி ஹாலிடே, ஆர்ட் டேட்டம், கோல்மன் ஹாக்கின்ஸ் எனக் கறுப்பினக் கலைஞர்கள் முன்னுக்கு வந்தார்கள். 1944 ஜனவரி 18 அன்று நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் ஆபரா அரங்கில் இவர்கள் கச்சேரி நடந்தது. அங்கே அதுவே முதல் ஜாஸ் கச்சேரி. போர்க் கடன் பத்திரம் வாங்கினால் டிக்கெட்!

அடுத்த முறை நீங்கள் விளையாடும்போது ஒரு விதி சேர்த்துக்கொள்ளுங்கள். குழுவில் ஓர் இடத்துக்கு, இதுவரை கேட்டிராத ஒருவரைத் தேடிக் கேட்டுவிட்டு எடுங்கள். நம் பட்டியலில் இருப்பவர்கள் நம் காதுக்கு எட்டியவர்கள் மட்டுமே.