நடுகல்லும் நினைவகமும்: குருதிக்கொடைச் சொற்கள்

புதுதில்லியில் 2019 பிப்ரவரி 25 அன்று திறக்கப்பெற்ற தேசியப் போர் நினைவகம், அமர் சக்கரம், வீரதா சக்கரம், தியாக சக்கரம், இரட்சக சக்கரம் என்னும் நான்கு வட்டங்களால் ஆனது. மொழிபெயர்ப்பாளர் முதற்சொல்லிலேயே தயங்க நேரும். வடமொழியில் 'அமர' என்பது இறவாமையைக் குறிக்கும். தமிழில் அமர் என்பது போர். (நினைவகத்திற்கு அப்பொருளும் பொருந்தாமல் இல்லை.) தியாகம் இதனினும் நுட்பமானது. விக்கிரம சோழனின் 'தியாகசமுத்திரன்' என்னும் பட்டத்தில் அது கொடையைக் குறித்தது. இன்றோ உயிரிழப்பையே முதலில் நினைவூட்டுகிறது.

தியாக சக்கரத்தின் கருங்கற்களில் வீழ்ந்தோர் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. ஆயினும் வட்டங்களின் பெயர் எதுவும் அவர்தம் குடும்பத்தாரைச் சுட்டவில்லை. பழைய வீரக்கல் மரபிலோ அதற்கெனத் தனிச்சொல்லே இருந்தது. போரில் பட்டவனின் குடும்பத்திற்கு விடப்பட்ட நிலத்தைத் தமிழ்க் கல்வெட்டுகள் உதிரப்பட்டி, நெத்தோர்பட்டி எனவும், கன்னடக் கல்வெட்டுகள் நெத்தரு கொடகெ எனவும் வழங்கின. சங்கத் தமிழின் நெய்த்தோர், கன்னட நெத்தரு, தெலுங்கு நெத்துரு ஆகிய மூன்றும் குருதியைக் குறிக்கும் ஓரினச் சொற்கள். சிந்திய குருதியும் எஞ்சியோர் உண்ணும் நெல்லும் இங்கு ஒரே தொகைச்சொல்லில் பிணைந்துள்ளன. இறந்தவனைப் போற்றுதலும் அவன் மனையோரைப் புரத்தலும் அன்று இருவேறு கடமைகளாகக் கருதப்படவில்லை என்பதற்கு இச்சொல்லமைப்பே சான்று. 'குடும்ப ஓய்வூதியம்' என்னும் இன்றைய தொடரில் அக்குருதியின் சுவடு இல்லை.

இந்தி ஒருவாறு ஈடுசெய்ய முயன்றுள்ளது. போரில் கணவனை இழந்தவளை அது 'வீர் நாரி' என்கிறது. வீரம் அவளுக்கே அடையாகிறது. தமிழ் அரசறிவிப்புகளோ 'கைம்பெண்' என்றே எழுதுகின்றன. அச்சொல்லில் இழப்பு மட்டுமே உண்டு.